மீந்த வெப்பம் யாருக்குரியது?

மண்ணடுப்பு எரிந்த வீடுகளில் பெரிய அடுப்பின் பக்கத்திலேயே கொடியடுப்பு என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கெனத் தனியே விறகு வைப்பதில்லை. பெரிய அடுப்பில் எரியும் நெருப்பின் அனல் ஒரு சிறு துளை வழியே அதனுள் புகுந்து, மேலே வைத்த பாத்திரத்தைச் சூடாக்கிவிட்டு வெளியேறும். பெரிய அடுப்பில் உலை கொதிக்கையில் கொடியடுப்பில் பிள்ளைக்குப் பாலோ, முதியவர் குளிக்க வெந்நீரோ காய்ந்துகொண்டிருக்கும். சமையல் முடிந்தபின் அடங்கிய தணலில் ஒரு கிழங்கு வெந்தது. வடித்த கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போனது. சாம்பல் பாத்திரம் துலக்க உதவியது. இவற்றை எவரும் சிக்கனம் என்றோ அறம் என்றோ பெயரிட்டு அழைக்கவில்லை. வீட்டு நடப்பு என்ற அளவில் அது நின்றது.

இதே செயலை ஒரு நகரத்தின் அளவிற்குப் பெருக்கிப் பார்த்தால், ஐரோப்பியக் குளிர்நாடுகளில் இன்று பரவலாக உள்ள பொது வெப்ப வழங்கல் முறை விளங்கும். மின்நிலையத்திலும் தொழிற்சாலையிலும் குப்பை எரிக்கும் உலையிலும் வீணாகப் போகும் வெப்பத்தைத் தண்ணீரில் ஏற்றி, நிலத்தடிக் குழாய்களின் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வீடுகளைச் சூடாக்கிவிட்டு ஆறிய நீர் மீண்டும் நிலையத்திற்குத் திரும்புகிறது. பிரான்சு நாட்டின் சோத்-ஏகு என்னும் சிற்றூரில் நிலத்திலிருந்து ஊறும் வெந்நீரைக் கொண்டு 14ஆம் நூற்றாண்டிலேயே வீடுகளைச் சூடாக்கினார்கள். வாணிக முறையில் வெற்றி பெற்ற முதல் அமைப்பை 1877இல் அமெரிக்காவின் லாக்போர்ட் நகரில் பேர்ட்சில் ஹாலி என்பவர் நிறுவினார். கோபன்ஹேகனை அடுத்த பிரெடெரிக்ஸ்பெர்க்கில் 1903இல் குப்பை எரிக்கும் உலை ஒன்று எழுந்தபோது, அதன் வெப்பம் புதிய மருத்துவமனைக்கும் குழந்தைகள் இல்லத்திற்கும் ஏழையர் விடுதிக்கும் சென்றது. இன்று டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இத்தகைய குழாய்களோடு இணைக்கப்பட்டுள்ளன.

சித்திரை வெயிலில் காற்று வராதா என்று ஏங்கும் தஞ்சைத் தரணிக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை நமக்கு என்றும் வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. ஆயினும் இந்தக் குழாய்களுக்குள் தண்ணீரோடு ஓர் அறக்கேள்வியும் ஓடுகிறது. ஒருவருடைய உலையில் மீந்து போனது யாருக்குச் சொந்தம்? அவர் வேண்டாம் என்று வெளியே விட்ட வரையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒன்று, பிறர் வேண்டும் என்று சொன்ன மறுகணத்தில் விலைப்பொருளாக மாறுவது முறையா? இந்தக் கேள்வி நம் நெல்வயல்களுக்குப் புதியதன்று.

முதலில் வெப்பத்தின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு இளைஞர் 1824இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில், நீராவி எந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்தார். மேலிருந்து கீழே விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு வெப்பம் இறங்கும்போதுதான் எந்திரம் இயங்குகிறது என்று அவர் கண்டார். அதனின்று ஒரு முடிவு பிறந்தது. எத்துணைத் திறமையாகச் செய்த எந்திரமானாலும், தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது. ஒரு பகுதியைக் கீழே விட்டே ஆகவேண்டும். நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களில் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் மட்டுமே மின்சாரமாகிறது. மற்றது புகைப்போக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. இது எவருடைய கவனக்குறைவும் அன்று. படைப்பின் அமைப்பே அப்படி.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் ஒரு பொருளின் சாரத்தையும் அதற்கு வந்துசேரும் உறவுகளையும் பிரித்தறியுமாறு ஆசிரியர்கள் எங்களைப் படாத பாடு படுத்துவார்கள். அந்தப் பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. கழிவு என்பது வெப்பத்தின் சாரமா, உறவா? எண்பது பாகைச் சூடுள்ள நீர், ஆலையின் பின்புற வாய்க்காலில் ஓடினால் கழிவு. அதே நீர், அதே சூட்டோடு, ஒரு மருத்துவமனையின் குழாயில் ஓடினால் செல்வம். நீரில் எந்த மாற்றமும் இல்லை. அதை வேண்டுவோர் ஒருவர் அருகில் இருக்கிறாரா, அவருக்கும் ஆலைக்கும் இடையே ஒரு குழாய் இருக்கிறதா என்பதே வேறுபாடு. மேலும், மின்சாரத்தைப்போல வெப்பம் நெடுந்தொலைவு பயணம் செய்யாது, வழியிலேயே ஆறிவிடும். எனவே அதை அயலார்க்குத்தான் கொடுக்க முடியும். சென்னைக்கோ தில்லிக்கோ அனுப்ப முடியாது. கழிவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அயலாரை அறியாமல் இருப்பதன் மறுபெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். காவிரிப் படுகையில் வெப்பம் மிகுதியாகச் செலவாகும் இடம் நெல் அவிக்கும் ஆலையே. புழுங்கலரிசி செய்ய நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, பின் அரைக்க வேண்டும். பழைய முறையில் நெல் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்து நாற்றம் எடுக்கும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம், 65 முதல் 70 பாகை வரையுள்ள வெந்நீரில் சில மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையை வகுத்துத் தந்தது. திருவாரூரில் தொடங்கிப் பின் தஞ்சைக்கு வந்த நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம், இந்தத் துறையில் நம் ஆலைகளுக்குப் பேருதவி புரிந்தது. பல பெயர் மாற்றங்களுக்குப் பின் அது இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சையில் இயங்குகிறது.

ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். அந்த உமியையே கொதிகலனில் இட்டு நீராவி எடுக்கிறார்கள். நெல் தன்னைத் தானே அவித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். ஆனால் எரிந்த உமியின் வெப்பம் முழுவதும் நெல்லைச் சேர்வதில்லை. புகைப்போக்கி வழியாக 150 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் புகை வெளியேறுகிறது. ஊறவைத்த வெந்நீர், பழுப்பு நிறத்தோடும் துர்நாற்றத்தோடும் வாய்க்காலுக்குப் போகிறது. உமிச் சாம்பலோ, காற்றடிக்கும் திசையிலுள்ள தெருக்களில் உலர்த்திய துணியின்மீதும், பிள்ளைகளின் கண்களிலும் வந்து விழுகிறது. ஆலைக்கு அருகே வாழ்கிற மக்களைக் கேட்டால் அந்தக் கரித்தூளைப்பற்றி ஒரு நாள் முழுவதும் பேசுவார்கள்.

அதே ஊரில், அதே மாதத்தில் நடக்கும் மற்றொன்றைப் பாருங்கள். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லை வாங்குவதில்லை என்பது பொது விதி. மழைக்கால நெல்லில் 20, 22 என்று ஈரம் நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் விவசாயிகள் தளர்வு கேட்பதும், நடுவணரசின் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும், சில ஆண்டுகளில் 19 அல்லது 20 விழுக்காடு வரை தளர்த்தி ஆணை வருவதும் நாளிதழ் படிப்போர் அறிந்தவை. ஆணை வரும்வரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கிறது. வெயில் எட்டிப் பார்த்தால் சாலையிலேயே பரப்பிக் கிளறுகிறார்கள். மீண்டும் தூறினால் குவித்து மூடுகிறார்கள். நான்கு நாள் இப்படிக் கிடந்தால் குவியலின் அடியில் முளை கிளம்பிவிடும். கடன் வாங்கி நட்ட குடும்பத்திற்கு அந்த வெண்முளையைப் பார்ப்பதைவிடத் துயரமான காட்சி வேறில்லை.

ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் நெல்லின் ஈரத்தை 22 விழுக்காட்டிலிருந்து 17 ஆக்க வேண்டுமானால், அதிலிருந்து ஏறத்தாழ 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 600 கிலோகலோரி எனக் கொண்டால் 36,000 ஆகிறது. வழியில் பாதி வீணாகும் என்று வைத்தாலும் 72,000. ஒரு கிலோ உமி ஏறத்தாழ 3,000 கிலோகலோரி தரும். ஒரு டன் நெல்லின் உமியிலோ ஆறு இலட்சம் அடங்கியிருக்கிறது. அதாவது, அதில் எட்டில் ஒரு பங்கிருந்தாலே போதும். இதைவிட வியப்பானது மற்றொன்று. நெல்லுக்குக் கடுஞ்சூடு ஆகாது. விரைந்து காய்ந்தால் மணி வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும். 50 பாகையை ஒட்டிய மிதமான சூடான காற்றே அதற்கு ஏற்றது. எந்திரத்திற்கு உதவாதென்று தள்ளப்பட்ட தாழ்ந்த வெப்பம், அந்த மணிக்கு மிகச்சரியாகப் பொருந்துகிறது. புகை நேரே நெல்லில் பட்டால் வாடை ஏறும். எனவே புகையின் சூட்டைத் தூய காற்றுக்கு மாற்றித் தரும் குழாய்த்தொகுதி ஒன்று வேண்டும். அதைச் செய்வதற்கு அரிய அறிவியல் எதுவும் தேவையில்லை.

முடியாத கனவு என்று எண்ணவும் வேண்டா. திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பாலில், படுகையின் அடியிலிருந்து எடுக்கும் எரிவாயுவைக் கொண்டு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மின்நிலையம் நிறுவப்பட்டது. அதன் மொத்தத் திறன் ஏறத்தாழ 108 மெகாவாட். இதில் 70 மெகாவாட் வாயுச்சுழலி தருவது. எஞ்சிய 38 மெகாவாட், அச்சுழலி வெளியே தள்ளும் சூடான புகையைக் கொண்டு நீராவி எடுத்து, வேறொரு சுழலியைச் சுற்றிப் பெறுவது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வீணாகப் போயிருக்க வேண்டிய வெப்பத்தின் கொடை. மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலம் நிலையமும் இதே முறையில் அமைந்ததே. பாமணியாறும் கோரையாறும் பாயும் நாட்டில் மாபெரும் கொடியடுப்பு ஒன்று எழுந்து நிற்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் வந்தபின் வாசகர், மீதியை வீணாக்காதிருப்பதே அறம். இதில் கேள்விக்கு இடம் ஏது எனலாம். இங்கேதான் நான் தயங்குகிறேன்.

தஞ்சைப் புதுக்கோட்டைச் சாலையில் குருங்குளத்தில் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றைச் சுண்டவைக்கும் கலன்கள் வரிசையாக நிற்கும். முதற்கலனில் சாறு கொதித்து எழும் ஆவி இரண்டாம் கலனைச் சூடாக்கும்; அதன் ஆவி மூன்றாவதை. ஒருமுறை மூட்டிய வெப்பம் மூன்று நான்கு முறை வேலை செய்கிறது. உலகமெங்கும் பின்பற்றப்படும் இந்த முறையைக் கண்டவர் நோர்பர்ட் ரில்லியூ. 1806இல் நியூ ஓர்லியன்சில், வெள்ளையரான தந்தைக்கும் கறுப்பினத்தைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்தவர். பாரிசில் பொறியியல் பயின்றவர். 1843இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் அங்கே திறந்த கொப்பரைகளை வரிசையாக வைத்து, கொதிக்கும் பாகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீண்ட அகப்பையால் அடிமைகள் மொண்டு ஊற்றினார்கள். வெந்து புண்பட்டவர் பலர். ரில்லியூவின் கருவி விறகையும் மிச்சப்படுத்தியது. மனிதத் தோலையும் மிச்சப்படுத்தியது. ஆனால் மிச்சமான பணம் எங்கே போனது? தோட்ட முதலாளியின் பெட்டிக்கு. அகப்பையை இறக்கி வைத்த அடிமை அதனால் விடுதலை பெற்றுவிடவில்லை. அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிக்கனம் ஒன்று, நீதி வேறொன்று. முதலாவது வந்துவிட்டதனால் இரண்டாவது தானே வந்துவிடாது.

நம் வயலிலேயே இதற்குச் சான்று உண்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது நிலமற்ற பெண்களின் உரிமையாக இருந்தது. எலி வளையில் சேர்ந்திருந்த நெல்லைத் தோண்டி எடுத்தவர் உண்டு. தாளில் மேய வாத்து மந்தைகள் வந்தன. இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வந்தார்கள். ஆடு தாளைத் தின்றது, வயலுக்கு எரு கிடைத்தது. உமியோ, வேண்டியவர் சாக்கில் அள்ளிக்கொண்டு போகும் பொருளாயிருந்தது. உமியடுப்பில் எத்தனையோ ஏழைவீட்டு உலை கொதித்தது. பிறகு உமிக்கு விலை வந்தது. செங்கல் சூளைக்காரரும் கொதிகலன் வைத்தவர்களும் லாரி கொண்டுவந்தார்கள். சாக்கோடு வந்த பெண்ணுக்கு வாயில் சாத்தப்பட்டது. வைக்கோலைக் கட்டாக உருட்டித் தரும் எந்திரம் வந்தபின் தாளுக்கும் விலை. வீணாய்ப் போனது எதுவும் வீணாகாமல் பயன்பட்டது என்று புள்ளிவிவரம் எழுதுவோர் மகிழலாம். ஆனால் அது வீண் என்று கணக்கில் எழுதப்பட்ட காலத்தில், யாரோ ஒருவர் அதை உண்டு வாழ்ந்துகொண்டிருந்தார். கணக்கில் அவர் பெயர் இல்லை, அவ்வளவே.

விவிலியத்தை அறிந்தோர்க்கு இங்கே ஒரு முரண் தோன்றும். லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் வயலின் ஓரத்தை முற்ற அறுக்கக் கூடாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லக் கூடாது, அவை அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்று கட்டளையிடுகின்றன. ரூத்து கதிர் பொறுக்கியதும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான். ஆனால் அப்பங்கள் பெருகிய நிகழ்ச்சியின் முடிவில் ஆண்டவர் எஞ்சிய துண்டுகளைச் சேகரிக்கச் சொல்கிறார். எதுவும் வீணாகலாகாது என்கிறார். ஒன்று விட்டுவை என்கிறது. மற்றொன்று சேர்த்து வை என்கிறது. ஊன்றிப் பார்த்தால் இரண்டிலும் முன்னிற்பது ஒரே முறைமை என்று விளங்கும். துண்டுகளைச் சேகரித்தது எல்லாரும் வயிறார உண்ட பின்பு. வயலோரத்தை விட்டுவைப்பது, இன்னும் உண்ணாதவர் இருப்பதனால். யார் உண்டாயிற்று, யார் உண்ணவில்லை என்று கேளாமல் மீதியைச் சேர்த்துப் பூட்டுவது இந்த இரண்டில் எதற்கும் கீழ்ப்படிதல் ஆகாது.

புனித தோமா அக்குவினார், ஒருவரிடம் தேவைக்கு மிஞ்சியிருப்பது இயற்கைச் சட்டத்தின்படி வறியோரின் வாழ்வுக்கு உரியது என்று கற்பித்தார். இது இரக்கத்தைப்பற்றிய அறிவுரை அன்று, உரிமையைப்பற்றிய கூற்று. தனியுடைமையை அவர் மறுக்கவில்லை. பொருளைக் காத்துப் பேணும் பொறுப்பு ஒருவருக்கு இருப்பது நல்லதென்றே கருதினார். அதன் பயனோ பொதுவுக்கு என்றார். மீந்த வெப்பத்தைப்போல இதற்கு நேரான எடுத்துக்காட்டை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். உடையவருக்கு அது எவ்வகையிலும் வேண்டாதது. கொடுத்தால் அவருடைய உலையில் ஒரு துளியும் குறையாது.

அரிசி ஆலை நடத்தும் அன்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "சாமி, உமி நான் காசு கொடுத்து வாங்கிய நெல்லோடு வந்தது. கொதிகலன் நான் வங்கிக் கடனில் போட்டது. புகை மட்டும் ஊருக்குச் சொந்தமா?" என்றார். அவர் கேட்டதில் பொருள் இல்லாமல் இல்லை. புகையின் சூட்டைப் பிடிக்கக் குழாய் வேண்டும், விசிறி வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்தச் செலவை அவர் தலையில் கட்டுவது நீதியன்று. டென்மார்க்கில் 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. 1979இல் அவர்கள் இயற்றிய வெப்ப வழங்கல் சட்டம், வெப்பம் வழங்குவோர் அதற்கான செலவையே கட்டணமாகப் பெறலாம், வீடுகளைச் சூடாக்குவதில் இலாபம் ஈட்டலாகாது என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. குழாய்க்கு விலை உண்டு. வெப்பத்தின்மேல் இலாபம் இல்லை. நடைமுறையில் வரிகளும் வழக்குகளும் பல வந்தன. இலாபம் இல்லாதபோது ஆலைகள் ஏன் முன்வர வேண்டும் என்ற வாதமும் ஓயவில்லை. இருப்பினும் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்பரின் கேள்விக்கு அதைவிட நேரான விடை ஒன்று அவருடைய ஆலையின் மதிற்சுவருக்கு வெளியே இருக்கிறது. புகை ஊருக்குச் சொந்தமா என்று அவர் கேட்டார். ஆம், இதுவரை அது ஊருக்கே சொந்தமாக இருந்துவந்திருக்கிறது. ஊர் அதை மூச்சில் இழுத்தது. சாம்பல் ஊருக்குச் சொந்தம். துணி துவைத்த பெண் அதை மீண்டும் துவைத்தாள். ஊறல் நீர் ஊருக்குச் சொந்தம். வாய்க்காலின் கடைமடையில் இருப்பவர் அதன் நாற்றத்தைப் பெற்றுக்கொண்டார். தீங்கைப் பங்கிடும்போது வேலியைத் திறந்து வைத்துவிட்டு, நன்மை தோன்றும்போது மட்டும் வேலியை அடைப்பதற்கு எந்த அறநூலிலும் ஆதாரம் இல்லை. ஆகவே, அயலார் மீந்த வெப்பத்தை யாசகமாகக் கேட்பதில்லை. ஏற்கெனவே சுமந்த சுமைக்கு ஈடாகக் கேட்கிறார்கள். இந்த உரிமை தோமா அக்குவினார் சொன்ன உரிமையைக் காட்டிலும் எளிது. ஏழ்மையை மெய்ப்பிக்க வேண்டிய தேவைகூட இதற்கில்லை.

மறுபக்கமும் ஓர் ஆபத்து உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. கோபன்ஹேகனில் 2017இல் இயங்கத் தொடங்கிய அமாகர் பக்கே என்னும் குப்பை உலை உலகப்புகழ் பெற்றது. அதன் கூரைச் சரிவில் மக்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். ஆனால் நகரத்தின் குப்பை அதன் பசிக்குப் போதாமல் வெளிநாட்டுக் குப்பையை இறக்குமதி செய்ய நேர்ந்தது. எரிப்பது கெடுதல், குறைக்க வேண்டும் என்று அறிந்தும், அதன் வெப்பத்தை நம்பிப் பல்லாயிரம் வீடுகள் இருக்கையில் அணைப்பது எப்படி? 2020இல் அந்நாட்டு அரசியலார் குப்பை எரிக்கும் திறனை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்க உடன்பட்டனர். ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்சு 1865லேயே இத்தகைய கண்ணியைக் கண்டிருந்தார்: நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறைவதற்கு மாறாகக் கூடுகிறது. தீமையின் மீதியிலிருந்து நன்மை எடுக்கப் பழகியவர்கள், அந்தத் தீமை நீங்கக் கூடாதென்று வேண்டத் தொடங்கிவிடலாம். படுகையின் எரிவாயுக் கிணறுகளைப் பொறுத்தும் இதே எச்சரிக்கை வேண்டும். 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் பெற்ற நாட்டில், மீந்த வெப்பத்தால் ஊர் பிழைக்கிறது என்பதைப் புதிய கிணறு தோண்டுவதற்குச் சாக்காக எவரும் கொண்டுவரக் கூடாது. திருத்தந்தை பிரான்சிசு 2015இல் எழுதிய சுற்றுமடலில் எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தது நினைவிருக்கலாம். எறிந்ததைப் பொறுக்கி விற்பது மட்டும் அந்தப் பண்பாட்டை மாற்றிவிடாது.

உமியில் அந்த அச்சம் குறைவு. நெல் விளையும் வரையில் உமி இருக்கும். நாம் புழுங்கலரிசி உண்ணும் வரையில் கொதிகலனும் எரியும். ஆகவே கொள்முதல் நிலையம் ஒன்றை அரிசி ஆலையின் பக்கத்தில் அமைத்து, ஆலையின் புகைச்சூட்டில் இயங்கும் பொது உலர்த்தி ஒன்றை இரண்டிற்கும் இடையில் நிறுவுவது அறத்திற்கும் கணக்கிற்கும் ஒத்துவரும் என்பது என் எண்ணம். ஆலைக்காரருக்குக் குழாய்ச் செலவும் பராமரிப்பும் கிடைக்கட்டும். அதற்குமேல் மூட்டைக்கு இவ்வளவு என்று அவர் கேட்பாரேயானால், சாம்பல் விழுந்த கூரைகளின் கணக்கை ஊர் எடுத்து வைக்கட்டும். கூட்டுறவுச் சங்கமோ ஊராட்சியோ இதை ஏற்று நடத்தலாம். எது நடத்தினாலும் வரிசை ஒன்று உண்டாகும். எனக்கு உறுத்துவது அந்த வரிசைதான்.

மழை மூட்டம் கட்டிய நாளில் உலர்த்தியின் முன் முப்பது டிராக்டர் நிற்கும். பத்து ஏக்கருக்காரரின் வண்டி முதலில் வந்திருக்கும். அவரிடம் சொந்த டிராக்டர் இருக்கிறது. குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் நட்டவர் வாடகை வண்டிக்குக் காத்திருந்து மாலையில்தான் வந்து சேருவார். நிலம் அவர் பெயரில் இல்லாததால் கொள்முதல் நிலையத்திற்குரிய சான்றைப் பெறவே அவர் நான்கு நாள் அலைந்திருப்பார். அவருடைய நெல்லில்தான் ஈரம் மிகுதி. முளை முதலில் கிளம்பப்போவதும் அதில்தான். வந்த முறைப்படி விடுவதா, ஈரத்தின் முறைப்படி விடுவதா என்பதை, உலர்த்திக்கு அடித்தளம் போடும் முன்பே ஊர் கூடிப் பேசி எழுதிவைக்க வேண்டும். மழை தொடங்கியபின் அதை அமைதியாகப் பேசுவதற்கு எவருக்கும் பொறுமை இராது.